பெரோயா இல்லம் – 9: ஞானஸ்நானத் தேதி

காலை எட்டு மணிக்குச் செல்வதாசன் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஹெப்சி, நாலு மணிக்கு வரலம்மா. ஒரு மணிக்கே வந்துர்றேன்.”

“ஏன் மாமா?”

“பல்லு வலி. நாலு மணிக்கு டாக்டர் பாக்குறேன்னுட்டாரு. இத விட்டா அடுத்த மாசம்தான்.”

“ஒரு மணிக்கு யாரும் இருக்கமாட்டாங்க மாமா. சாப்பிடப் போயிருப்பாங்க.”

“நாப்பது பேருக்கும் ஒரே நேரத்துலயா பசிக்கும்?”

“பரீட்சை வருது. ஒருத்தர் எழுந்தா எல்லாரும் எழுந்துருவாங்க.”

“பரவால்ல. ஆள் இல்லன்னா என்ன, பதிவேடு இருக்குல்ல. அதப் பாத்தாப் போதும்.”

வைத்துவிட்டார்.

ஹெப்சிபா வாசல் கதவைத் திறந்து வைத்தாள். குவீன்ஸ்டவுனில் சபைக்குச் சொந்தமான பழைய போதகர் வீடு. இரண்டு மாடி. கீழே இருபத்தாறு நாற்காலி, மேலே பதினாறு. பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். பதினெட்டு வருடம் பார்த்த நூலக வேலையை விட்டுவிட்டு, ஜனவரியில் இதைத் தொடங்கினாள். கிறிஸ்தவப் படிப்பு இல்லம். எந்த மாணவரும் வரலாம். பகலில் அமைதியாகப் படிக்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து பேசலாம். இந்தக் கல்வித் தவணைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி, வேலை சாபமா, அழைப்பா.

பெயர் வைத்ததும் அவள்தான். பெரோயா வேதத்தில் வரும் ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் காதில் விழுந்ததை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. சரிதானா என்று தினமும் எடுத்துப் பார்த்தார்கள். மாணவர்கள் அதை ‘ப்ரோ, யா’ என்று ஆக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் கோபம். அவளுக்கு இல்லை.

போன வியாழக்கிழமை வந்த கடிதம் இன்னும் பையில் இருந்தது. நான்கு வரி. தவணை முடிகிறது. நாற்பது மாணவர்களாவது தொடர்ந்து வருவதை, பார்வையிட வரும்போது காட்டவேண்டும். இல்லையென்றால் வீடு பாலர் பள்ளிக்குப் போகும். கீழே சபைக் கமிட்டிச் செயலாளரின் கையெழுத்து. செல்வதாசன். அவளுடைய அம்மாவின் தம்பி.

கடிதம் வந்தபோது அவள் பயப்படவில்லை. நாற்பது என்ன, ஐம்பது பேர் வருகிறார்கள். இடம் இல்லாமல் படிக்கட்டில் உட்காருகிறார்கள்.

வாசல் மேசையில் பதிவேடு இருந்தது. பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டு. சனிக்கிழமை வீடு பூட்டியிருக்கும்போது அப்பா வந்து அடுத்த வாரத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போவார். அது அவருடைய இலாகா. அவள் திறந்து பார்த்ததே இல்லை.

இன்று திறந்தாள்.

முதல் பக்கம், பதினோரு பெயர். அடுத்த பக்கம், அதே பதினோரு பெயர். கடைசி வாரம் வரை அதே பதினோரு பெயர். எல்லோரும் மாலையில் வரும் சபை வாலிபர்கள்.

அவள் உட்கார்ந்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

*

மகள் கேட்டாளே என்று, ஐம்பது வடைக்குச் சொல்லிவைக்க தேவநேசன் தேக்கா உணவங்காடியில் நின்றிருந்தார். எழுபத்து நான்கு வயது. பூன் லே பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். வந்த பஸ், போன பஸ், நேரம். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளும் தவறியதில்லை.

“அம்பது வடையா?” என்றார் கடைக்காரர் அப்துல் காதர். “என்ன விசேஷம், கல்யாணமா?”

“பரீட்சை.”

“யாருக்கு?”

“என் பொண்ணுக்கு.”

“அவங்க படிப்பெல்லாம் எப்பவோ முடிச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே?”

“இது வேற பரீட்சை பாய்.”

தொலைபேசி அடித்தது.

“அப்பா, பதிவேட்டுல பதினோரு பேர்தான் இருக்காங்க.”

தேவநேசன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“நான்தானே வாராவாரம் கோடு போடுறேன். ஜனவரியிலேர்ந்து அதே பதினோரு பேரு. ஒன்கிட்ட சொல்ல மனசு வரல. இருந்த வேலையையும் விட்டுட்டே.”

“அப்பா, இங்க உட்கார இடமில்லப்பா.”

“என்னது?”

“தினமும் அம்பது பேர் வர்றாங்க. கூட்டமா இருக்குன்னு நான் சொன்னேனே.”

“மனசத் தேத்திக்கச் சொல்றேன்னு நெனச்சேன்.”

வார நாட்களில் அவர் அங்கே போனதில்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் கிழவனுக்கு என்ன வேலை என்பார்.

“அப்போ புக்ல ஏன் இல்ல?” என்றார்.

“தெரியல. மாமா ஒரு மணிக்கே வர்றாரு. வீடு காலியா இருக்கும். புக்கும் காலியா இருக்கு.”

தேவநேசன் இரண்டு அடி தள்ளி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பாடகர் குழுவுல இருபது பேர் இருக்காங்க. இப்பவே மெசேஜ் போடுறேன். வந்து உட்காரட்டும். ஒரு மணி நேரம்தானே.”

“வேணாம்பா.”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“அப்பா, வராத பஸ்ஸ வந்ததா என்னைக்காவது எழுதியிருக்கீங்களா?”

கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டார். எண்ணெய் சத்தமிட்டது.

“இல்ல,” என்றார் தேவநேசன்.

“அப்புறம்?”

அவர் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பினார்.

“உளுந்து வடையா, மசால் வடையா? அதச் சொல்லு.”

“ரெண்டும்.”

*

பத்து மணிக்கு வீடு நிறைந்திருந்தது. மின்விசிறியும் தாள் புரளும் ஒலியும் தவிர வேறு சத்தமில்லை. படிக்கட்டின் மூன்றாவது படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முதல் ஆண்டு போலிருக்கிறது. நாற்காலி காலியாக இருந்தாலும் படிக்கட்டுக்கே போவாள். கடைசியாகத்தான் கிளம்புவாள். யாரோடும் பேசி ஹெப்சிபா பார்த்ததில்லை.

சமையலறையில் மட்டும் பேசலாம். அங்கே ரோஷினியும் அஃப்ரீனும் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ரோஷினி பொறியியல் இரண்டாம் ஆண்டு. அஃப்ரீன் சட்டம். செவ்வாய்க்கிழமை வட்டத்தில் அதிகம் வாதாடுபவர்கள் இந்த இருவரும்தான்.

ஹெப்சிபா பதிவேட்டை மேசைமேல் வைத்தாள்.

“ரோஷினி, இதுல நீ ஏன் பேர் எழுதல?”

“அது மெம்பர்ஸுக்கு இல்லையா ஆன்ட்டி?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அந்த மூணாவது கட்டம் இருக்குல்ல.”

ஹெப்சிபா பார்த்தாள். அப்பாவின் கையெழுத்து, அச்சடித்ததுபோல. பெயர். சபை. ஞானஸ்நானத் தேதி. வந்த நேரம். போன நேரம்.

சபையின் அங்கத்தினர் நோட்டிலிருந்து முதல் மூன்றையும் எடுத்திருக்கிறார். பஸ் நிலையத்திலிருந்து கடைசி இரண்டையும்.

“முதல் நாள் பாத்தேன்,” என்றாள் ரோஷினி. “ஞானஸ்நானம்னா என்னன்னு தெரியல. எங்க வீட்ல அந்த வார்த்தையே கெடையாது. சரின்னு பிரிச்சுப் பாத்தேன். ஞானம், ஸ்நானம். ஸ்கூல்ல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க. ஏதோ குளிச்ச தேதி கேக்குறாங்கன்னு நெனச்சேன். நான் தினமும் குளிக்கிறேன் ஆன்ட்டி. எந்தத் தேதிய எழுதுறது?”

அஃப்ரீனுக்குத் தேநீர் புரையேறியது.

“சிரிக்காத லா. ஒனக்கு மட்டும் தெரிஞ்சுதா?”

“நான் போன்ல டிரான்ஸ்லேட் பண்ணேன்,” என்றாள் அஃப்ரீன். “கிறிஸ்தவத்துல சேர்ற சடங்குன்னு அர்த்தம் வந்துச்சு. சரி, இது நமக்கு இல்லன்னு உள்ள போயிட்டேன்.”

“நமக்கு இல்லன்னு தெரிஞ்சும் ஏன் தினமும் வர்றே?” என்றாள் ஹெப்சிபா.

“உள்ள யாரும் அத கேக்கலையே ஆன்ட்டி.”

ஹெப்சிபா பதிவேட்டில் ஒரு பக்கம் புரட்டினாள்.

“மத்தவங்க?” என்றாள். “தமிழ் படிக்கத் தெரியாதவங்க?”

ரோஷினி கரண்டியைக் கழுவத் தொடங்கினாள்.

“ரோஷினி.”

“வெய் மிங் என்கிட்ட கேட்டான் ஆன்ட்டி, என்ன எழுதியிருக்குன்னு. குளிக்கிற டைம்டேபிள்னு சொல்லிட்டேன். அவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். சாரி.”

மூன்று மாதமாக ஐம்பது பேர் அந்த மேசையைக் கடந்து போயிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளும்தான். குளிக்கிற நேரத்தை எழுதி வைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நின்றும் போனது.

“ஒரு மணிக்குக் கமிட்டியிலேர்ந்து வர்றாங்க. இத வச்சுத்தான் முடிவு. வீடு நமக்கா இல்லையான்னு.”

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்பவே எல்லாரையும் எழுதச் சொல்றேன்,” என்றாள் ரோஷினி. “பழைய தேதியெல்லாம் போட்டு எழுதிருவோம்.”

“கூடாது.”

“அப்போ சாப்பிடப் போகல. எல்லாரும் இங்கயே உட்கார்ந்திருக்கோம்.”

“அதுவும் கூடாது. எப்பவும் போறமாதிரி போங்க. இந்த இடம் எப்படி இருக்கோ அப்படியே அவர் பாக்கட்டும்.”

“ஆன்ட்டி, யோங் தவ் ஃபூ கடை ஒன்றரைக்குச் சாத்திருவாங்க. போனா எல்லாரும்தான் போவோம்.”

“போங்க.”

அவர்கள் போனபின் அவள் அப்பாவின் மர ஸ்கேலை எடுத்தாள். மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள்.

மூடிவிட்டாள்.

இருபத்தொரு வருடத்துக்கு முன் அண்ணன் யோனத்தான் வைஷாலியைக் கூட்டி வந்தான். அப்போது சபைச் செயலாளர் அப்பாதான். திருமணப் பதிவேட்டில் மணமகளின் ஞானஸ்நானத் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. கட்டம் காலியா இருக்கே என்றார் அப்பா. காலியாத்தான் இருக்கும் என்றான் அண்ணன். அப்பா நோட்டை மூடினார்.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்பா போகவில்லை. அம்மாவையும் விடவில்லை. அண்ணன் இப்போது பொங்கோலில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஹெப்சிபாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரியும். பார்த்ததில்லை. அப்பா கேட்டதில்லை. இத்தனை சின்ன ஊரில் இருபத்தொரு வருடம் ஒருவரைப் பார்க்காமல் இருப்பதற்கு மெனக்கெட வேண்டும். இருவரும் மெனக்கெட்டார்கள்.

அந்தக் கட்டத்தை அடிக்கவேண்டியது அவள் இல்லை.

ஸ்கேலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

*

பன்னிரண்டு ஐம்பதுக்கு மாணவர்கள் போனார்கள். படியிறங்கும் சத்தம், செருப்புத் தேடும் சத்தம், கேட் சாத்தும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தேவநேசன் இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே டாக்சியில் செல்வதாசன். ஒரு கை தாடையில்.

“அத்தான், வடையா? நானே பல்ல பிடிச்சுக்கிட்டு வர்றேன்.”

“ஒனக்கு வாங்கல மச்சான்.”

செல்வதாசனுக்கு அறுபத்தாறு வயது. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக்கு ஒரு பாலர் பள்ளி வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரைபடம்கூடத் தயார். அந்த வரைபடத்தில் இந்த வீடுதான் இருந்தது.

நின்றபடியே பதிவேட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பதினொன்னு.”

“ஆமா மாமா.”

“நான் என்னம்மா செய்யட்டும்? கமிட்டியில என்ன சொல்லட்டும்?”

“உள்ள வந்து பாருங்க மாமா.”

“பாக்குறதுக்கு யார் இருக்கா?”

ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முழங்கால் வலி வேறு. உட்கார நினைத்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது.

அதை விட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அதில் மடக்கிய குடை. அடுத்ததில் மாணவர் அட்டை, கழுத்துப் பட்டையோடு. அதற்கடுத்ததில் கால்குலேட்டர், அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

அவர் கை நின்றது.

டிஷ்யூ பாக்கெட் இருக்கும் இடம் ஆள் இருக்கும் இடம். இந்த ஊரில் அதற்குச் சட்டம் தேவைப்பட்டதில்லை. செல்வதாசன் நாற்பது வருடம் உணவங்காடிகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர். பசியோடு தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருவருடைய பாக்கெட்டையும் நகர்த்தியதில்லை.

மெதுவாக நிமிர்ந்தார். கூடத்தைப் பார்த்தார்.

வெள்ளைப் பாக்கெட், நீலப் பாக்கெட், பூப்போட்ட பாக்கெட். தண்ணீர்ப் போத்தல். பாதி தின்ற பிஸ்கட். கண்ணாடிக் கூடு. ஒரு நாற்காலியில் ஒற்றை சாக்ஸ்.

“அத்தான்,” என்றார். “இங்க வாங்க.”

தேவநேசன் வந்தார். பார்த்தார். வடைப் பைகளைத் தரையில் வைத்தார்.

“கீழ எத்தனை?” என்றார் செல்வதாசன்.

தேவநேசன் ஏற்கெனவே எண்ணத் தொடங்கியிருந்தார். விரல் நீட்டி, வாய்விட்டு, பஸ்களை எண்ணிய அதே குரலில். வரிசை வரிசையாக நடந்தார்.

“இருபத்தாறு. காலி ஒன்னுமில்ல.”

“மேல?”

இருவரும் மாடிக்கு ஏறினார்கள். படிக்கட்டில் நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. முழங்கால் மட்டும் காரணம் இல்லை. மூன்றாவது படியில் ஒரு பாக்கெட். ஐந்தாவதில் ஒன்று. ஏழாவதில் ஒன்று. கால் வைக்க இடம் பார்த்து வைத்தார்கள்.

“படிக்கட்டுல அஞ்சு,” என்ற குரல் மேலிருந்து வந்தது. பிறகு, “மேல பதினாறு.”

“பின்பக்க பெஞ்சையும் பாத்துருங்கப்பா,” என்றாள் ஹெப்சிபா கீழிருந்து.

பெஞ்சில் நான்கு.

“ஐம்பத்தொன்னு,” என்றார் தேவநேசன். அவர் குரல் மாறியிருந்தது. மூன்று மாதமாக மகளுக்காக இரகசியமாக வருத்தப்பட்டவர். ஐம்பத்தொன்னு என்று இன்னொரு முறை சொன்னார்.

செல்வதாசன் கூடத்தின் நடுவில் நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார். ஐம்பத்தொரு இடம் இருக்கிற வீட்டில் அவருக்கு உட்கார ஓர் இடம் இல்லை.

“இவங்கள்ல நம்மாளுங்க எத்தனை பேர்?” என்றார்.

“கடிதத்துல மாணவர்கள்னுதான் போட்டிருக்கு மாமா. டைப் பண்ணது நீங்கதான்.”

“பேர் கிறிஸ்தவப் படிப்பு இல்லம்.”

“பெரோயா ஊர்க்காரங்க நம்பிட்டு வரல மாமா. வந்துதான் பாத்தாங்க.”

அவர் பதில் சொல்லுமுன் கேட் திறந்தது.

சத்தம் முதலில் வந்தது. பிறகு ஆட்கள். வாசலில் செருப்பு மலைபோலக் குவிந்தது. ஐஸ் தேநீர்ப் பைகள், வியர்த்த முகங்கள். வாசல்படியைத் தாண்டியதும் பேச்சு அடங்கியது. யாரும் அடக்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவராக அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார்.

ரோஷினி செல்வதாசன் முன்னால் வந்து நின்றாள்.

“அங்கிள், சாரி. அது என் சீட்.”

“தெரியும்மா. நான் உட்காரல.”

“உட்காருங்க அங்கிள், நான் படிக்கட்டுக்குப் போறேன்.”

“படிக்கட்டும் ஃபுல்லு,” என்றார் தேவநேசன்.

“எப்பலேர்ந்து வர்றே?” என்று கேட்டார் செல்வதாசன். ஆசிரியர் குரல்.

“பிப்ரவரியிலேர்ந்து. ஒம்பது மணிக்குள்ள வரலன்னா எடம் கெடைக்காது அங்கிள். வாட்ஸப் குரூப்ல பாருங்க, தினமும் சண்டைதான்.”

“அப்புறம் ஏன் ரெஜிஸ்டர்ல பேர் இல்ல?”

ரோஷினி ஹெப்சிபாவைப் பார்த்தாள். ஹெப்சிபா தரையைப் பார்த்தாள்.

“நான் தினமும் குளிக்கிறேன் அங்கிள்,” என்று தொடங்கினாள் ரோஷினி.

முழுவதையும் சொன்னாள். வெய் மிங் வரை. செல்வதாசன் பாதியிலேயே தாடையைப் பிடித்துக்கொண்டார். வலியா சிரிப்பா என்று தெரியவில்லை. “சிரிக்க வைக்காதம்மா, பல்லு,” என்றார்.

தேவநேசன் சிரிக்கவில்லை.

அவர் வாசல் மேசைக்குப் போனார். பதிவேட்டைத் திறந்தார். இன்றைய பக்கம். தன் கையால் எழுதிய தலைப்பை வாசித்தார். பிறகு மர ஸ்கேலை எடுத்து மூன்றாவது கட்டத்தின்மேல் வைத்தார். தலைப்பிலிருந்து பக்கத்தின் அடிவரை கோடு இழுத்தார். பழைய பக்கங்களில் எழுதியிருந்த தேதிகளைத் தொடவில்லை.

“அத்தான்,” என்றார் செல்வதாசன். அவருக்கும் இருபத்தொரு வருடம் நினைவிருந்தது.

“நேரா வந்திருக்கா பாரு மச்சான்.”

செல்வதாசன் குனிந்து பார்த்தார்.

“நேராத்தான் இருக்கு அத்தான்.”

தேவநேசன் பேனாவை நீட்டினார். அஃப்ரீன்தான் முதலில் வாங்கினாள்.

“சபைன்னு இருக்கே தாத்தா. அதுல என்ன போட?”

“என்ன படிக்கிறே?”

“சட்டம்.”

“அதையே போடு.”

அவள் எழுதினாள். ரோஷினி எழுதினாள். வெய் மிங் ஆங்கிலத்தில் எழுதினான். வரிசை கூடத்தைத் தாண்டி, சமையலறையைச் சுற்றி, பின்பக்க பெஞ்சுவரை போனது. ஒவ்வொருவர் கையிலும் எழுதி முடித்ததும் தேவநேசன் ஒரு வடை வைத்தார். ஐம்பது வடை. ஐம்பத்தோராவது ஆளுக்கு ஹெப்சிபாவிடம் பிஸ்கட் இருந்தது.

செல்வதாசன் வாசலில் செருப்பைத் தேடினார். மலைக்கு அடியில் இருந்தது. ரோஷினியும் இன்னும் இரண்டு பேரும் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

“மாமா,” என்றாள் ஹெப்சிபா. “கமிட்டியில?”

“நான் பேசிக்கிறேன்.”

“எத்தனைன்னு சொல்வீங்க?”

“ஐம்பத்தொன்னு. உட்கார எடமில்லாம நின்னுக்கிட்டே எண்ணினேன்னு சொல்வேன்.” செருப்பை மாட்டினார். “இந்த வீட்ட யாரும் கேக்கமாட்டாங்க. நான் கேக்க விடமாட்டேன்.”

“பாலர் பள்ளி?”

அவர் வீட்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். வரைபடத்தில் இருந்த வீடு.

“வேற எடம் பாப்போம். இங்க வச்சா என்ன ஆகும்? மூணு வயசுப் பிள்ளைக்கு டிஷ்யூ வச்சு எடம் பிடிக்கத் தெரியாது. இவங்ககிட்ட தோத்துப் போயிரும்.”

டாக்சியில் ஏறும்போது திரும்பினார்.

“ஹெப்சி, இன்னும் பத்து நாற்காலி வாங்கு. என் கணக்குல.”

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்சி திரும்பும்வரை நின்றாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, கொஞ்சம் குதித்தாள்.

*

நான்கு மணி. வீடு மறுபடியும் அமைதியாக இருந்தது. சிலர் கிளம்பிப் போயிருந்தார்கள். போகும்போது போன நேரத்தை எழுதிவிட்டுப் போனார்கள். தேவநேசனுக்கு அதில் பெரிய திருப்தி.

அவர் வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்த்தார். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். பக்கத்தில் ஹெப்சிபா தேநீர்க் கோப்பையோடு நின்றாள்.

“இது என்ன எழுத்து?”

“ரித்திக்.”

“இது?”

“ரிஸ்வான். அவன் கையெழுத்தே அப்படித்தான்.”

ஸ்கேல் இறங்கியது. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டில் நின்றது.

“என்னப்பா? புரியலையா?”

எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. தமிழில், நிதானமாக, அடையாள அட்டையில் இருப்பதுபோல் தகப்பன் பெயரோடு எழுதியிருந்தது.

ஜெமிமா, த/பெ யோனத்தான் தேவநேசன்.

ஹெப்சிபா கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

தேவநேசனின் விரல் தன் பெயரின்மேல் இருந்தது. பிறகு நகர்ந்தது. அடுத்த கட்டம், சமூகவியல். அடுத்தது, அவர் மதியம் கோடு போட்டு அடித்த கட்டம். விரல் அதைக் கடந்தது. வந்த நேரம், எட்டு ஐம்பத்தைந்து.

போன நேரம், காலி.

முப்பத்தொரு வருடம் பஸ்களைக் கவனித்தவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கிப் படிக்கட்டைப் பார்த்தார். அங்கிருந்து தட்டச்சு செய்யும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்தபோது அது நின்றது.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னும் போகல,” என்றார்.